தைலம்மாள் கேட்கும் மூன்றாவது கேள்வி

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் ஆதிமூலத்தின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பழைய வண்டிப் பாகங்களை அங்கே கொண்டுபோகிறவர்கள் முதலில் தைலம்மாளின் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வண்டி எங்கே நிற்கும்? அதில் என்ன ஏற்றுவீர்கள்? துரு எடுத்த இரும்புக்கு மேல் பெயிண்ட் அடிப்பதா, பவுடர் கோட்டிங்கா, ஜிங்க் முலாமா, குரோமா என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும். என்ன கலர் வேண்டும் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான்கு வருடம் பைக்கில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். கடற்கரைச் சாலைகளின் உப்பு என் ஹேண்டில்பாரை அரித்திருந்தது. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டில் உட்கார முடியாமல் தினமும் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றேன்.

"குரோம் போட்டுடுங்கக்கா. பளபளன்னு இருக்கணும்."

"இரு. உன் வண்டி எங்க நிக்குது, அத சொல்லு மொதல்ல."

நான்கு வருடமாக அது ஓரிடத்தில் நின்றதே இல்லை என்றேன்.

"நிக்கறதே இல்லியா? அப்போ நீ யோசிக்கிற வரைக்கும் இது இங்க நிக்கட்டும்" என்று ஹேண்டில்பாரை ஆணியில் மாட்டிவிட்டார்.

தைலம்மாளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சொந்த ஊர் நைனார்பாளையம். நிலமில்லாத குடும்பம்; கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கரும்பு வெட்டினார். பதினான்கு வருடத்துக்கு முன்பு இந்த ஒர்க்‌ஷாப்பில் துரு தேய்க்கும் தினக்கூலியாகச் சேர்ந்தார். உப்புத்தாளும் மண்ணெண்ணெயுமாகத் தேய்த்ததில் விரல் ரேகைகள் மழுங்கிப் போய்விட்டன. ரேஷன் கடை மிஷின் நான்கு விரல்களைத் தள்ளிவிட்டு, சுண்டு விரலை வைத்தால்தான் அவரைத் தைலம்மாள் என்று ஒப்புக்கொள்ளும்.

தேய்த்துக்கொண்டே ஒன்றைக் கவனித்து வந்தார். "போவும்போது எல்லாமே பளபளன்னுதான் போவுது. திரும்பி வரும்போதுதான் யோக்கியத தெரியுது" என்பார். பவுடர் கோட்டிங் கல்லடி பட்டு ஓரிடத்தில் விண்டால் போதும், அடியில் தண்ணீர் புகுந்து துரு ஒளிந்து வளரும். போல்ட்டின் மரையில் பெயிண்ட் அடித்தால் நட்டு ஏறாது. யூரியா மூட்டை ஏற்றும் டிராக்டரில் ஜிங்க் தாங்காது. யாரும் சொல்லித் தந்ததில்லை. திரும்பி வந்த இரும்பைத் தேய்த்துத் தேய்த்து அவராகவே தெரிந்துகொண்டது.

போன பொங்கலுக்குப் பிறகு ஆதிமூலம் அவருக்கு ஃபேனுக்குக் கீழே ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். இனி தேய்க்க வேண்டாம். எதற்கு எந்தப் பூச்சு என்று முடிவு செய்தால் போதும். அந்த மேஜைக்குத்தான் ஆபத்து வந்தது.

வெள்ளிமலையில் ஷேர் ஜீப் ஓட்டும் வேடியப்பன் ஒரு வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினார். மூன்று மாதத்துக்கு முன்பு அவருடைய ஜீப்பின் கொக்கிகள், கீல்கள், போல்ட்டுகள் எல்லாவற்றையும் தைலம்மாள்தான் சாக்கில் கட்டிச் சேலத்துக்கு அனுப்பி, மஞ்சள் ஜிங்க் முலாம் போட்டு வரவழைத்திருந்தார். மலையில் பனி ஜாஸ்தி. கழற்றி மாட்டும் சாமான்களுக்கு ஜிங்க்தான் சரி என்பது அவர் கணக்கு.

வேடியப்பன் பையிலிருந்து ஒரு பானெட் கொக்கியை எடுத்து மேஜையில் வைத்தார். மஞ்சள் போய்க் கறுத்து, அங்கங்கே துருப் புள்ளி.

"பாருக்கா. மலையில இருக்கிற அத்தினி ஜீப்காரனும் சிரிக்கிறான். 'தங்க நகை போட்டியே, சொறி புடிச்சிக்கிச்சா'ன்னு கேக்கறானுங்க."

"ஜீப்ப ஏம்பா கொண்டாரல?"

"இந்த மூஞ்சியோட அத ரோட்ல எறக்குவனா?"

ஆதிமூலம் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார். "நான் கறுப்பு பெயிண்ட் அடிச்சி அனுப்பிக்கினு நிம்மதியா இருந்தேன். நீதான் ஜிங்க்கு ஜிங்க்குன்ன. இது உன் தப்புன்னா, திங்கக்கெழமலேர்ந்து உப்புத்தாள எடுத்துக்க தைலம்மா. எதுக்கு இன்னா போடறதுன்னு நானே பாத்துக்கறேன்."

தைலம்மாள் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வண்டியப் பாக்காம தப்புன்னு ஒத்துக்க மாட்டேன் மேஸ்திரி" என்றார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே என் அண்ணனின் ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பிறந்ததிலிருந்து கண்ணெதிரே நின்ற மலையில் அவர் ஒருமுறைகூட ஏறியதில்லையாம். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏய் ஊர்சுத்தி, நேரா பாத்து ஓட்டு. நான் சாவறதா இருந்தா திங்கக்கெழமைக்கு மேல சாவறேன்."

வெள்ளிமலையில் வேடியப்பன் வீட்டு வாசலில், பனி சொட்டிக்கொண்டு ஜீப் நின்றது. எங்கள் சத்தம் கேட்டு வேடியப்பன் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தார். தைலம்மாள் ஒரு சாக்கை விரித்து, என் போனின் வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். கொஞ்ச நேரத்தில் குரல் மட்டும் வந்தது.

"யப்பா, சேறும் தண்ணியும் ஜாஸ்தி அடிக்கிறது இங்கதானே? இங்க ஒரு போல்ட்டுகூட கறுக்கல. மஞ்சளா சிரிக்குது."

வெளியே வந்து மேலே பார்த்தார். கண்ணாடிச் சட்டத்தின் உச்சியில் இருந்த கொக்கிகளும் மஞ்சளாகவே இருந்தன. அடியிலும் கெடவில்லை, உச்சியிலும் கெடவில்லை. ஒரு ஆளின் கை எட்டுகிற உயரத்தில் இருந்தவை மட்டும்தான் பாழாகியிருந்தன. தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, கதவுக் கீலின் இடுக்கைக் குடைந்தார். நார் போல ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"புளி" என்றார்.

அந்த நேரத்தில் வேடியப்பனின் மனைவி குஞ்சம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். ஒரு கையில் குத்துவிளக்கு, மறு கையில் புளி உருண்டையும் சாம்பலும் தேங்காய் நாரும்.

"வெள்ளிக்கெழமயாச்சே" என்றார் எங்களிடம். "வெளக்கோட சேத்து வண்டியையும் வெளக்கிடுவேன். மொதல்ல தங்கமாட்டம் இருந்திச்சி. தேய்க்கத் தேய்க்கக் கறுத்துப் போச்சி. நான் வுடுவனா? இன்னும் அழுத்தித் தேச்சேன்."

"அடியே!" என்று வேடியப்பன் தலையில் கை வைத்தார்.

"இன்னா அடியே? இது பித்தள இல்லன்னு நீ சொன்னியா?"

"நீ தேய்க்கறன்னே எனக்குத் தெரியாதே!"

"எப்புடித் தெரியும்? நீதான் ஏழு மணி வரைக்கும் கொறட்ட வுட்டுக்கினு கெடக்கறியே."

தைலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்து முடித்ததும் குஞ்சம்மாளிடம், "உன் மேல தப்பில்ல தாயி. பாத்தா பித்தளயாட்டந்தான் இருக்கும். ஆனா அது மெல்லிசு மேப்பூச்சு, புளி பட்டா கரைஞ்சிடும். நான்தான் கேட்டிருக்கணும்" என்றார். கை எட்டும் இடத்துச் சாமான்களை மட்டும் கழற்றி, கறுப்பு பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார்.

குஞ்சம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. "கரிச்சட்டியாட்டமா? என் ரெண்டு மாட்ட வித்து வாங்குன வண்டி. அப்போ வெள்ளிக்கெழம நான் இன்னாத்த வெளக்கறது?"

திரும்பும்போது தைலம்மாள் கழற்றிய சாமான்களை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தார். அணைக்கு அருகில் வந்ததும் என் முதுகில் ஒரு தட்டு.

"மேஸ்திரி ஸ்டூலுக்குப் பின்னால ஒரு ஹாரன் தொங்குதே, பாத்தியா?"

பழைய லாரியின் பித்தளை ஹாரன் அது. கறுப்பு ரப்பர் உருண்டையை அமுக்கினால் கத்தும். பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது.

நடந்ததைக் கேட்ட ஆதிமூலம், "அப்போ ஜிங்க் தப்பில்ல" என்றார்.

"ஜிங்க் தப்பில்ல. ஆனா கஸ்டமர் இன்னும் சமாதானம் ஆவல. அந்த ஹாரன் வேணும்."

"அது விக்கறதுக்கில்ல."

"யாரு விக்கச் சொன்னா? சும்மாதான் கேக்கறேன்."

ஆதிமூலம் ஹாரனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அவன் வந்து சரியாயிடுச்சின்னு சொல்லட்டும். அதுவரைக்கும் மேஜயப் பத்திப் பேசாத" என்று எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை தைலம்மாள் உப்புத்தாளோடு உட்கார்ந்தார். மேஜை காலியாக இருந்தது. வாரம் முழுவதும் தேய்த்தார். வேடியப்பன் நடுவில் வந்து, கறுப்பு அடித்த சாமான்களையும் ஹாரனையும் வாங்கிக்கொண்டு முகத்தைத் தூக்கியபடியே போனார்.

அடுத்த திங்கட்கிழமை, ரோட்டில் எருமை கத்துவது போல ஒரு சத்தம். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஜீப்பின் பக்கவாட்டில் ஹாரன் வெயிலுக்கு ஈடாக மின்னியது. பின்னால் இன்னும் இரண்டு மலை ஜீப்புகள்.

"வூட்ல இன்னா சொல்றா?" என்று கேட்டார் தைலம்மாள்.

"இப்போ ஹாரன செவ்வாக்கெழமையும் வெளக்கறாக்கா. அதுல மூஞ்சி பாத்து ஷேவ் பண்ணிக்கலாம். கீலு கொக்கி பக்கமே போறதில்ல." வேடியப்பன் பின்னால் கை காட்டினார். "இவனுங்களுக்கும் ஜிங்க் போடணுமாம். ஆனா இவனுங்க பொண்டாட்டிங்களுக்கும் ஹாரன் வேணுமாம்."

ஆதிமூலம் சத்தமாகச் சிரித்துவிட்டார். ஆணியில் தொங்கிய என் ஹேண்டில்பாரை எடுத்து வந்து தைலம்மாளின் மேஜையில் வைத்து, ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டார். "இது எத்தினி நாளா தொங்குது? இதுக்கு இன்னா போடறதுன்னு சொல்லு."

தைலம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டிய யாரு தொடைக்கறது? இன்னா வெச்சி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மழை வந்தா அதுவே கழுவிடும்க்கா."

"தொடைக்காதவனுக்கு குரோம் எதுக்கு? கல்லடி படாத எடம், பவுடரே போதும்" என்றவர், "கறுப்பு பவுடர் கோட்டிங்" என்று சாக்பீஸால் எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.