சவுண்டுக்காரரின் கை

"மதியம் என்ன சாப்ட்டே, அதைச் சொல்லு" என்று பாட்டுக் கிளப்பின் பின்சுவரோரம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தபடி சவுண்டுக்காரர் கேட்டார். மேடையில் பங்க் என்ற முரட்டு ராக் இசைக் குழுவின் பாட்டுக்காரி, பாதித் தலையை மழித்துக்கொண்டவள், மைக்கைப் பிடித்தபடி முழித்தாள். மைக்கைச் சோதிக்க ஒன்று, இரண்டு என்று எண்ணிக் காட்டுவதெல்லாம் இவரிடம் செல்லாது. "எண்ணுறப்ப எல்லாருக்கும் ஒரே குரல்தான். சோத்தைப் பத்திப் பேசுறப்பதான் சொந்தக் குரல் வரும்" என்பார். அவள் முட்டை என்றாள். "தண்ணி குடிச்சியா? தொண்டை காயுது பாரு" என்று சொல்லி ஒரு குமிழைத் திருகினார்.

தெருவில் நடக்கும்போது காதில் பஞ்சு வைத்திருப்பார். கிளப்புக்குள் நுழைந்ததும் எடுத்துவிடுவார். கேட்டால், "வெளியிலதான் சத்தம். இங்க பாட்டு" என்று பதில் வரும். இடப்பக்க ஸ்பீக்கருக்குப் பெரியப்பா என்று பெயர், வலப்பக்கத்துக்குச் சித்தப்பா. "பெரியப்பா இன்னிக்கு இருமுறாரு" என்றால் வயர் எங்கோ தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

அன்று பாட வந்தவர்களில் இவருடைய மச்சானும் ஒருவன்; அந்த உறவைக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். வாலிபத்தில் இவரும் ஒரு பங்க் குழுவுக்குச் சவுண்டு பார்த்தார். பாடுகிறவன் வீட்டுக் கார் கொட்டகையில்தான் ஒத்திகை. சுவரெல்லாம் சத்தத்தை அடக்க ஒட்டிய முட்டை அட்டை, தலைமுடியெல்லாம் சோப்பு நுரை போட்டு நிறுத்தியது. தெரிந்தது கிட்டாரில் மூன்று பிடி, மிச்சமெல்லாம் கோபம். சும்மா சொல்லக்கூடாது, தெருவே நடுங்கும். அங்கே வயர் சுற்றப் போனவர் பாடுகிறவனின் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்படித்தான் அவன் மச்சான் ஆனான்.

பிறகு ஒரு நாள், நிறைந்த கூட்டத்தில், மச்சானுக்கு நடுப்பாட்டில் குரல் உடைந்தது. மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து இவர் மிக்ஸரில் அவன் குரலை அடியோடு இறக்கிவிட்டார். வாய் மட்டும் அசைந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "உடைஞ்சாலும் என் குரல்தானே? என் வாயைப் பொத்த இவரு யாரு?" என்று கிளம்பிப் போனவன்தான், அக்கா வீட்டு வாசற்படியை அதன்பின் மிதிக்கவில்லை. நல்லது கெட்டதில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். நடுவில் கிடந்து தவித்தது அக்காதான்.

அன்றைய நிகழ்ச்சியில் முதலில் பங்க், கடைசியில் டி.ஜே. போடும் ஆட்ட இசை. இடையில் கிட்டாரும் குரலுமாக ஒரே ஆள்: மச்சான். வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவி செருப்பை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்காவது அவனை முழுசாப் பாட விடுங்க."

பாட்டுக்காரி இறங்கியதும், நரைத்த தாடியோடு மச்சான் மைக் முன் உட்கார்ந்து, "ஒன்னு, ரெண்டு" என்றான்.

"என்ன சாப்ட்டே?"

"ரொட்டி."

"எதைத் தொட்டுக்கிட்டே?"

"கோவத்தை."

மேடையைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தை விட்டுவிட்டுச் சிரித்தாள். சவுண்டுக்காரர் சிரிக்கவில்லை. "காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, மாப்ள" என்று மட்டும் சொல்லி எதையோ குறைத்தார்.

இரவு, பங்க் குழு வியர்வையும் புழுதியுமாக இறங்கியது. காது இரைச்சல் அடங்குவதற்குள் மச்சான் தொடங்கினான். அன்று தொண்டை கிழியக் கத்திய அதே பாட்டு. இப்போது குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது போல மெதுவாகப் பாடினான். குதித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. சவுண்டுக்காரரின் உதடுகளும் கூடவே முணுமுணுத்தன.

பாட்டின் உச்சி வந்தது. முன்பு உடைந்த அதே இடத்தில் குரல் பிளந்தது.

அடுத்து ஆட்ட இசை போட வந்தவள் பக்கத்தில் காத்திருந்தாள். "அண்ணே, உடையுது! இறக்குங்கண்ணே!" என்று அவளே மிக்ஸரில் கை வைக்கப் போனாள். மேடையில் மச்சான் தலையை நிமிர்த்தினான். பாட்டை விடாமலே, கண்கள் மட்டும் நேரே மிக்ஸருக்கு வந்து நின்றன.

சவுண்டுக்காரர் அவள் கையை விலக்கினார். எழுந்து நின்றார். அவன் கண்ணில் படும்படி, வெறும் கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்துக்கொண்டு, பாட்டு முடிகிறவரை அப்படியே நின்றார்.