பல்லக்கா எண்ணிய பற்கள்

ரப்பர் ஆலையின் பழுதுபார்க்கும் கொட்டகையில் இரும்புச் சக்கரங்களுக்குப் பல் வெட்டுகிறவள் என்பதால் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். வாய்ப்பாடு அவளுக்கு அடியோடு சேர்ந்தே வந்தது. கணக்கு வாத்தியார் திருகித் திருகியே ஒரு காதை மந்தமாக்கினார். பிறகு தாலி கட்டியவன் கன்னங்களைப் பார்த்துக்கொண்டான். ஒருநாள் அவன் ஓங்கிய கையைப் பிடித்து முறித்துவிட்டு வீட்டை விட்டு வந்தாள். கேட்டால், "அது அடியில்லைப்பா, பதில்" என்பாள்.

அன்று காலை ரப்பர் பிசையும் இயந்திரம் இடி விழுந்தாற்போலச் சத்தமிட்டு நின்றது. அவள் ஓடி வருவதற்குள், அதை ஓட்டும் சுருட்டையின் வாயெல்லாம் ரத்தம். இரண்டு பேர் அவனைப் பிடித்திருந்தார்கள். எதிரே முதலாளியின் மச்சான், கையில் சம்மட்டியோடு. ஆலையை நடத்துவது அவர்தான். இயந்திரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று சுருட்டை கேட்டதிலிருந்து அவன்மேல் கறுவிக்கொண்டிருந்தார்.

"சக்கரத்துக்குள்ள போல்ட்டைப் போட்டிருக்கான். போட்ட கை இனி எதையும் தொடக் கூடாது. மேசைமேல விரிச்சுப் பிடிங்கடா!"

"நான் போடலைங்க! சத்தியமா போடலைங்க!"

சம்மட்டி இறங்கியது. சுண்டுவிரல் நசுங்கியது. சுருட்டை அலறிய அலறலில் கூரைப் புறாக்கள் பறந்தன.

பல்லக்கா இயந்திரத்தின் பெரிய பல்சக்கரம் அருகே மண்டியிட்டாள். உடைந்த பல்லிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இருபத்து நான்காவது பல் உடைந்திருந்தது. அங்கிருந்து இன்னொரு இருபத்து நான்கு, அதுவும் உடைசல்.

"நிறுத்துங்க! அவன் போடலை!"

"பல்லு பிடுங்கறவளுக்கு இங்க என்ன வேலை?"

"பிடுங்கறவ இல்லைங்க, வெட்டறவ. டேய் தடியா, இருபத்திநாலை எதால பெருக்கினா எழுபத்திரெண்டு வரும்?"

சுருட்டையின் கையை அழுத்திக்கொண்டிருந்த தடியன் திருதிருவென்று விழித்தான். "மூணுக்கா."

"பெரிய சக்கரத்துல பல்லு எழுபத்திரெண்டு. அதைச் சுத்த வைக்கிற சின்னதுல இருபத்திநாலு. சின்னதுல ஒரு பல்லு கோணினா அது பெரியதுல எத்தனை பல்லைக் கடிக்கும்?"

"மூணு..."

"உடைஞ்சது எத்தனை? சம தூரத்துல இருக்கா, இல்லையா? வந்து எண்ணிப் பாரு. போல்ட் சிக்கியிருந்தா பக்கத்துப் பக்கத்துப் பல்லுதானே போயிருக்கும்?"

தடியன் கையை விட்டுவிட்டு வந்து எண்ணினான். உதடு அசைய அசைய அவன் முகம் வெளிறியது.

"சின்னதுல இருபத்தஞ்சு பல்லு வெட்டறேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்," என்றாள் பல்லக்கா, மச்சான் பக்கம் திரும்பி. "இருபத்தஞ்சுக்கும் எழுபத்திரெண்டுக்கும் ஒண்ணைத் தவிர பொதுக் காரணி கிடையாது. ஒரு பல்லு கோணினாலும் அடி எல்லாப் பல்லுக்கும் பங்காகும், முன்னாடியே சத்தம் காட்டிக் கொடுக்கும். மீதியில்லாம வகுபடணும், மீதி நின்னா தரித்திரம்னு சொன்னது யாரு? நேத்து சின்னச் சக்கரத்தைச் சூடு பண்ணி மாட்ட விடாம, இதே சம்மட்டியால அடிச்சு ஏத்தினது யாரு?"

சின்னச் சக்கரத்தின் மசகைத் துணியால் துடைத்தாள். ஒரு பல் மட்டும் தலை சாய்ந்து பளபளத்தது. அதன்மேல் சம்மட்டியின் தடம்.

மச்சான் அந்தப் பல்லையே நொறுக்கப் பாய்ந்தார். பல்லக்கா குறுக்கே விழுந்தாள். சம்மட்டி அவள் தோளில் இறங்கியது. எலும்பு விறகுபோல முறிந்தது. மறுபடி ஓங்கிய மணிக்கட்டைத் தடியன் பிடித்து முறுக்கினான். அவ்வளவுதான், தேன்கூடு கலைந்ததுபோல ஆலையே மச்சான்மேல் விழுந்தது. சற்றுமுன் சுருட்டையைப் பிடித்திருந்த கைகள்தான் முதலில் குத்தின.

"விடுங்கடா! இதுவும் அவரோட அதே புத்திதான்டா!" என்று தரையில் கிடந்தபடி கத்தினாள். யார் காதில் விழுந்தது?

எழுந்து, நல்ல கையால் சுருட்டையைத் தூக்கி நிறுத்தினாள். இருவருக்கும் சேர்த்து உருப்படியான கை இரண்டுதான் மிச்சம்.

"அக்கா, மத்த விரலெல்லாம் தப்பிச்சிருச்சா?"

"இருக்குடா, ஆஸ்பத்திரிக்கு நட."

பின்னால் மச்சான் கெஞ்சும் குரல் கேட்டது. வாசலில் பல்லக்கா ஒரு கணம் நின்றாள். பிறகு காவலாளியிடம், "போலீஸைக் கூப்பிடு, அவரைக் கொன்னுடப் போறாங்க" என்று சொல்லிவிட்டு, சுருட்டையை அணைத்தபடி தெருவில் இறங்கினாள்.