சூட்டு உடம்பும் குளிர்ந்த கருப்பையும்

பதினான்கு வயதிலிருந்து, மாதத்தில் மூன்று நாள் குளியலறைத் தரைதான் எனக்குப் படுக்கை. அம்மாவிடம் அதற்கு ஒரே விளக்கம் இருந்தது: "உனக்குச் சூட்டு உடம்பு, பிள்ளை." பப்பாசி கூடாது, அன்னாசி கூடாது. காலையில் வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம். இங்கே ஜூலைதான் குளிர்காலம்; எங்கள் ஊர் நார்த்மீட் முழுக்க நடுங்கும்போது என் தலையில் மட்டும் நல்லெண்ணெய் வழியும்.

டொக்டர்மார் வலிக் குளிசை எழுதித் தந்தார்கள். எல்லோரும் கேட்ட ஒரு கேள்வி, "குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?" நான் வாயைத் திறக்குமுன் அம்மா "நோ, நோ" என்று முடித்துவிடுவார்.

முப்பத்து மூன்று வயதில், கூட வேலை செய்பவள் சொல்லி ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு சீன வைத்தியரிடம் போனேன். அம்மாவும் கூடவே வந்தார், தனியே விட்டால்தானே! கல்யாணம் ஆகிறதோ இல்லையோ, எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். அது நடக்குமா என்று கேட்கத்தான் போனேன்.

வைத்தியர் நடுத்தர வயதுப் பெண். மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். ஓரமெல்லாம் ஊதாப் புள்ளி என்றார்.

"கருப்பையில் குளிர் ஏறியிருக்கிறது. குளிரில் இரத்தம் ஓடாமல் தேங்கும். தேங்கிய இடத்தில் வலிக்கும். விழுங்கிய கோபமும் ஈரலில் கட்டி நின்று ஓட்டத்தை மறிக்கும். இனி ஐஸ் தண்ணீர் வேண்டாம், வெந்நீர்தான்."

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"குளிரோ? இவவுக்கென்ன விசரோ? இத்தனை வருசமா நான் சூட்டுக்கெல்லோ வைத்தியம் பாக்கிறன்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க அடிவயிறு விடவில்லை.

வைத்தியரும் அதே குடும்பக் கேள்வியைக் கேட்டார். "நோ, நோ" என்றார் அம்மா. வைத்தியர் அவர் பக்கம் திரும்பி, "உங்கள் நாக்கைக் காட்டுங்களேன்" என்றார். அம்மா வாயை இறுக மூடிக்கொண்டார்.

"மூலிகை வலியைக் குறைக்கலாம். உள்ளே இருப்பதை ஸ்கான்தான் காட்டும். உடனே போ" என்று வைத்தியர் என்னை அனுப்பினார்.

ஸ்கானில் தெரிந்தது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலம் வெளியே வளர்ந்து, குடலையும் சூலகத்தையும் ஒன்றாக ஒட்டிவிட்டிருந்தது. அறுவையில் இடது சூலகத்தை எடுத்துவிட்டார்கள். வலதிலும் பெரிதாக மிச்சமில்லை, பிள்ளையை நம்பியிருக்க வேண்டாம் என்று சர்ஜன் சொன்னார். சில வருடம் முந்தி வந்திருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

அவர் போனபின் அம்மா கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் இப்பிடித்தான் இருந்தது. உனக்குப் பிறகு ஒண்டும் தங்கேல்லை."

"ஏனம்மா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"பரம்பரை வருத்தமெண்டு தெரிஞ்சால் உன்னை ஆர் கட்டுவினம்?"

"இப்ப மட்டும் ஆர் கட்டினவை?"

கத்திவிட்டேன். தையல் போட்ட இடம் விண்ணென்று இழுத்தது. பக்கத்துக் கட்டில்காரி திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

அம்மா அழவில்லை. ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி, ஊதி ஊதி என்னிடம் நீட்டினார்.

"சுடச்சுடக் குடி, பிள்ளை. கருப்பையில குளிராம் எல்லோ."

நான் வாங்கவில்லை.