வாசலில் சொன்ன பொய்

கொரோனாவில் மௌத்தான முஸ்லிம்களையும் அடக்க விடாமல் இலங்கை அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. காய்ச்சல் தொடங்கியதும் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பிராத மகள். மௌத்தானா நெருப்புல போட்டுருவாங்க."

மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஊட்ட எல்லாரும் சுகமா தங்கச்சி? நேரத்தோட வந்தா காப்பாத்தலாம்."

உள்ளே வாப்பா தலையணையில் வாயை அழுத்தி இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்.

"ஓம் சேர், எல்லாரும் சுகம்" என்றேன். அவர் நம்பி எழுதிக்கொண்டு போனார்.

ஐந்தாம் நாள் வாப்பாவுக்கு மூச்சு முட்டியது. நானேதான் ஓட்டோவில் ஏற்றினேன். கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் மௌத்தாகிவிட்டார். பரிசோதித்தார்கள். கொரோனா என்றார்கள். எரித்துவிட்டார்கள்.

சாம்பலை வந்து எடுத்துப் போகச் சொன்னார்கள். அதை வாப்பா என்று எப்படி வாங்குவது? நாங்கள் போகவில்லை.

இன்றும் யாராவது வாசலில் நின்று சுகமா என்று கேட்டால், வாப்பா படுத்திருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.