மணையில் உட்கார்ந்து கேட்ட இங்கிலீஷ் பாட்டு

போன ஆவணியில் கும்பகோணத்தில் மகள் வீட்டில் இருந்தோம். காலையில் குளித்துத் திருநீறு இட்டு, தெரிந்த தேவாரம் ஒன்றைச் சொல்லி முடித்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் மாப்பிள்ளை போனில் ஏதோ பாட்டு வைத்தார். முதலில் ஆர்மோனியம் மாதிரி ஒன்று இழுத்தது. அப்புறம் டிரம். பிறகு தொண்டை கட்டினவன் போல ஒருத்தன் கத்திப் பாட, இரண்டு மூன்று பேர், நடவுப் பாட்டில் பெண்கள் பதில் கொடுப்பதுபோல, அவனுக்குப் பதில் பாடினார்கள். கற்பூரம் அணைகிறவரை சாமி முன்னால் நின்றேன் என்றுதான் பேர். மனசெல்லாம் கூடத்தில் இருந்தது. தாராசுரத்துச் சாமி மன்னிக்கட்டும்.

வெளியே வந்து, "மாப்பிள்ளை, அதை இன்னொரு தரம் வைங்க" என்றேன்.

"உங்களுக்கு இதெல்லாம் பிடிக்குமா மாமா?"

"இது எங்க கல்யாணத்துல போட்ட பாட்டு."

மகள் அடுப்படியிலிருந்து சிரித்தாள். "சும்மா இருங்கப்பா. நம்ம ஊர் கல்யாணத்துல இங்கிலீஷ் பாட்டா?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரி தலை நிமிராமல், "போட்டாங்கடி" என்றாள்.

அறுபதுகளில் பேர் எடுத்த குழு என்று மாப்பிள்ளை சொன்னார். ரிதம் அண்ட் ப்ளூஸ் என்பார்களாம். அந்த வகைப் பாட்டின் வேரைத் தேடிப்போனால் அமெரிக்காவில் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்களிடம் போய் முடியுமாம். அது எனக்குத் தெரியாது. நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் அந்தப் பாட்டு எனக்குத் தெரியும்.

எங்கள் கல்யாணத்துக்கு முந்தின தை மாதம் அறுவடைக் கூலித் தகராறு. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று ஆட்கள் வயலில் இறங்கவில்லை. பண்ணைக்காரர்கள் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் போலீஸ் தங்கியது. என் அப்பா குத்தகைச் சாகுபடிக்காரர், சங்கத்தில் இருந்தவர். செங்கொடியோடு வரப்பில் நின்றார். அந்த லாரியிலிருந்து முதலில் இறங்கியவர், பண்ணையில் ஆட்களை மேய்க்கும் காரியக்காரராக இருந்த என் வருங்கால மாமனார். அம்மா வழியில் சொந்தம். நிச்சயதார்த்தம் ஐப்பசியிலேயே முடிந்திருந்தது.

அதற்கப்புறம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "தாம்பூலம் மாத்தினது மாத்தினதுதான்" என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றதால் வைகாசியில் கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. பந்தலுக்கு இந்தப் பக்கம் சங்கத்து ஆட்கள், அந்தப் பக்கம் பண்ணைக்கு வேண்டியவர்கள். யாராவது ஒருத்தர் துண்டை உதறினாலும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை, கல்யாணம் நடந்தால் போதும்.

விடியற்காலையிலிருந்து தென்னை மரத்தில் கட்டிய ஸ்பீக்கர் குழாய் சாமிப் பாட்டுப் பாடியது. மைக் செட்காரரிடம் சாமிப் பாட்டு ரெக்கார்டு கொஞ்சம்தான். அதுவும் தேய்ந்து, ஒரே வரியில் சிக்கித் திக்க ஆரம்பித்தது. மேளக்காரர்கள் காபிக்குப் போயிருந்தார்கள். சரி என்று அவர் ஒரு சினிமாப் பாட்டை வைத்தார்.

அப்போது சினிமாப் பாட்டு என்றால் நடிகர், நடிகர் என்றால் கட்சி. நாலு வரி பாடவில்லை.

"யோவ், யாரு பாட்டை எங்க வந்து போடுற? எடுய்யா!"

எடுத்துவிட்டு இன்னொரு நடிகர் பாட்டை வைத்தார். இப்போது எதிர்ப்பக்கம் எழுந்தது.

"வேணும்னே போடுறானுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி அடி வாங்கிட்டுத்தான் போகணும்போல!"

பெஞ்சு சரிந்தது. என் மாமனார் எழுந்து மேல்துண்டை இறுக்கிக் கட்டினார். மாதக் கணக்கில் பேசாதவர் அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"இதுக்குத்தான் வரச் சொன்னீங்களா? இன்னொரு சத்தம் கேட்டுச்சு, பொண்ணைக் கூட்டிக்கிட்டு வண்டி ஏறிடுவேன்."

"பாட்டு போட்டவன் நானாய்யா?" என்றார் அப்பா. "ஏறுறவங்க ஏறட்டும். நான் யாரையும் கட்டிப்போட்டு வைக்கலை."

அம்மா அழுதாள். நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் மைக் செட்காரர் பெட்டியின் அடியிலிருந்து ஒரு ரெக்கார்டை எடுத்து வைத்தார். நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கிய ஒரு சிங்கப்பூர்க்காரர் கொடுத்துவிட்டுப் போனதாம். குழாயிலிருந்து அந்த ஆர்மோனியச் சத்தம் கிளம்பியது. பந்தலே வாய் பிளந்தது.

"இது எந்தக் கட்சிப் பாட்டுடா?"

"வெள்ளைக்காரன் கட்சி."

"அவன்தான் போயிட்டானே!"

"பாட்டை விட்டுட்டுப் போயிட்டான்போல."

யாரோ சிரித்தார்கள். எந்தப் பக்கம் சிரித்தது என்று தெரியவில்லை. எதற்குச் சண்டை போடுவது என்று யாருக்கும் புரியாததால் எல்லாரும் உட்கார்ந்தார்கள். "நாழியாறது, பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ" என்றார் ஐயர். மணைக்கு இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலியில் அப்பா ஒரு பக்கம், மாமனார் ஒரு பக்கம், ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி இருந்தார்கள். அழுது வீங்கிய முகத்தோடு அவள் வந்து உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். பாட்டு பாதி ஓடியிருக்கும். திரும்பிப் பார்க்கிறேன், அவள் சிரிக்கிறாள். குனிந்த தலை நிமிராமல், உதட்டைக் கடித்துக்கொண்டு. காபி குடித்துத் திரும்பியிருந்த மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டினார்கள். தாலி கட்டினேன்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அந்த ரெக்கார்டைக் கேட்டு வாங்கிப் போட்டார்கள். அப்புறம் அது உடைந்துபோனது. பேர் தெரியாத பாட்டை எங்கே தேடுவது? நாகூர் கந்தூரிக்குப் போனபோது ஒரு கேசட் கடையில் வாயாலேயே பாடிக் காட்டினேன். "அண்ணே, பல்லு வலியா?" என்று கேட்டார் கடைக்காரர். அதோடு விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை அன்றைக்கு அந்தக் குழுவின் பாட்டுகளை வரிசையாக வைத்துக் காட்டினார். சில பாட்டு பிடித்தது, சிலது வெறும் இரைச்சல். அவர் ஆபீசுக்குக் கிளம்பியதும் எங்கள் பாட்டை மகளிடம் சொல்லி மறுபடி வைக்கச் சொன்னேன். அவள் வைத்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போனாள்.

இத்தனை காலம் கேட்கக் கூச்சப்பட்டதைக் கேட்டேன். "அன்னிக்கு மணையில ஏன் சிரிச்சே?"

"எப்போ?"

"தெரியாத மாதிரி பேசாதே."

அவள் கீரைக்காம்புகளை ஒதுக்கித் தள்ளினாள்.

"தலை குனிஞ்சிருந்தேன்ல. எனக்குத் தெரிஞ்சது காலுங்கதான். உங்கப்பாவோட பெருவிரலு பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. சரி, எங்கப்பா என்ன பண்றாருன்னு அந்தப் பக்கம் பார்த்தேன். அவரு குதிகாலும் அதே தாளத்துக்குத் தட்டுது. மூஞ்சியை ரெண்டு பேரும் எப்படி வச்சிருந்தாங்களோ, எனக்குத் தெரியாது. இனிமே யாரும் என்னை வண்டியில ஏத்த மாட்டாங்கன்னு அப்பத்தான் நிம்மதியாச்சு."

"இவ்வளவு நாளா சொல்லவே இல்லையே?"

"நல்லா இருக்குங்க. மாமா பந்தல்ல உட்கார்ந்து கால் ஆட்டினாருன்னு, அவரு உசுரோட இருக்கறப்ப ஊரெல்லாம் சொல்லச் சொல்றீங்களா?"

"என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்ட சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுக் கீரையை அலசப் போனாள்.