தேதிக்கு நேரே வந்து நின்ற மழை

1996 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டே முக்கால் மணி. வெளியே தூறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் கிளம்பிய என் மகள் ஜெபா செருப்பு மாட்டக் குனிந்தவள், அப்படியே வாசற்படியில் சரிந்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்து, தலை வலிக்கிறது என்றாள். எங்கள் கஷ்டம் அந்த நேரத்தில்தான் தொடங்கியது.

பிறகு அடிக்கடி விழுந்தாள். ஒரு வாரம் ஒன்றும் இருக்காது. அடுத்த வாரம் இரண்டு முறை விழுவாள். தலைவலி, வாந்தி, மயக்கம். மதியத்துக்குள் தெளிந்துவிடும். ஸ்கேன் எடுத்தோம். ஒரு டாக்டர் பரீட்சை பயம் என்றார். இன்னொருவர் வலிப்பாக இருக்கலாம் என்றார். நானும் என் மனைவி ரூத்தும் முழங்காலில் நின்றோம். சுகம் கொடும் என்று கேட்கும் தைரியம்கூட எனக்குப் போய்விட்டது. "காரணத்தையாவது காட்டும் ஆண்டவரே" என்று மட்டும் அழுதேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. அந்தச் சமயம்தான் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. வார்ப்புகளில் ஓட்டை விழுவதற்குக் காரணம் கண்டுபிடிக்க எக்ஸெல் படித்து வரச் சொன்னார்கள். பிள்ளை இப்படி இருக்கும்போது என்னால் முடியாது என்றேன். ரூத்துதான் அனுப்பினாள். "நீங்க ஊட்ல உக்காந்து அவ மூஞ்சியவே பாத்துட்டிருந்தா அவளுக்கும் பயந்தானுங்க. போயிட்டு வாங்க."

சொல்லித்தந்த பெண் என் மகளைவிடச் சில வயதே மூத்தவள். கூட்டுவது பெருக்குவது சீக்கிரம் வந்துவிட்டது. வேண்டியதை மட்டும் வடிகட்டிப் பார்ப்பதும், ஒரு தாளில் உள்ள விவரத்தைத் தேதியை வைத்து இன்னொரு தாளுக்கு இழுத்து வருவதும்தான் என்னைப் பாடாய்ப் படுத்தின. பழகிப் பார்க்க மகளின் நாட்களையே கட்டங்களில் அடித்தேன். சாப்பாடு, தூக்கம், பள்ளிப் பரீட்சை, தலைக்குக் குளித்தது, மயக்கம். தினமும் கேட்டுக் குறித்துக்கொண்டு போவதைப் பார்த்து ஜெபாவுக்குச் சிரிப்பு வந்தது. "தலைக்குக் குளிச்சதுமாப்பா? கொட்டாவி விட்டதையும் சேத்துக்குங்க."

வடிகட்டினேன். பரீட்சைக்கும் மயக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. சாப்பாட்டுக்கும் இல்லை. தலைக்குக் குளித்த நாட்களில் பாதியில் விழுந்திருக்கிறாள், பாதியில் நன்றாக இருந்திருக்கிறாள். சோர்ந்துபோய் அந்தப் பெண்ணிடம் காட்டினேன்.

"ஒவ்வொரு காரணத்தையும் தனியாக் கேக்கறீங்க சார்," என்றாள். "ரெண்டு சேந்தாத்தான் வருதோ என்னமோங்க. உங்க பவுண்டரில ஓட்டை எப்ப விழுகுதுங்க?"

வார்ப்பு அச்சின் மணல் ஈரமாகி, இரும்பும் சூடு குறைந்து ஊற்றினால் விழும். மழை நாளில் மணல் ஈரம் வாங்கும் என்பதால் நாங்கள் தினமும் மழையைக் குறித்து வைப்பது வழக்கம். அந்த விவரமும் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, வேலைக்குப் போனதும் அந்த மழைக் கட்டங்களைத் தேதி வாரியாக மகளின் தாளுக்கு இழுத்தேன். தலைக்குக் குளித்த நாள், மழை பெய்த நாள், இரண்டும் சேர்ந்தவை மட்டும் வேண்டும் என்று வடிகட்டினேன். அவள் விழுந்த நாட்கள் எல்லாம் அதற்குள் இருந்தன.

மழை பெய்தால் சாரல் அடிக்கிறது என்று குளியலறையின் ஒரே சன்னலைச் சாத்திவிடுவோம். உள்ளேதான் கொட்டாங்குச்சி எரியும் வெந்நீர் பாய்லர். தலைக்குக் குளித்தால் அவள் வெளியே வர வெகுநேரம் ஆகும். உலையடியில் கார்பன் மோனாக்சைடு என்கிற கரிவாயு தாக்கி ஆட்கள் தலைவலித்து விழுவதைப் பார்த்தவன் நான். என் வீட்டில் எனக்கு அது தோன்றவில்லை.

அன்றும் மழை. நான் கிளம்பும்போது ஜெபா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். ரூத் உபவாச ஜெபத்துக்குப் போயிருந்தாள். எங்கள் வீட்டில் போன் கிடையாது. உக்கடத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், மரக்கடை காதர் பாய்க்குப் போன் செய்தேன்.

"பாய், எங்க ஊட்டு பாத்ரூம் கதவை ஒடைங்க. ஒண்ணும் கேக்காதீங்க, ஒடைங்க."

ரிசீவர் கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

பஸ்ஸில் நான் செய்தது ஜெபம் என்று சொல்ல முடியுமா தெரியவில்லை. அவள் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தேன். துடியலூர் தாண்டியது நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது, மரக்கடைக் கூரையின் கீழ், பலகை அடுக்கின்மேல் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். பாயின் மனைவி தன் துப்பட்டியால் அவளைப் போர்த்தி, விசிறிக்கொண்டிருந்தார். மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதன்பின் ஜெபா ஒருமுறைகூட விழவில்லை. பாய்லர் வெளியே போய்விட்டது. எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை. அவள் குளிக்கப் போனால் நான் உட்கார மாட்டேன். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. வேண்டாத வேலை என்று எதையும் இப்போது தள்ளுவதில்லை. நான் அழுது கேட்ட காரணத்தை, நான் போகமாட்டேன் என்ற வகுப்பில்தான் ஆண்டவர் வைத்திருந்தார். காரணம் தெரியாமல் தவிக்கிற பெற்றோரே, நீங்களும் கேளுங்கள். கேட்டுவிட்டு, கையில் இருக்கிற வேலையை விடாமல் செய்யுங்கள். பதில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று நமக்குத் தெரியாது.

ஜெபா வீடு திரும்பிய மறுநாள் காலை, காதர் பாய் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு, ஒரு புதுக் கதவோடு வந்து நின்றார். எதற்கு பாய் என்று கேட்டேன்.

"ஒடச்சது நானுங்களே, நாந்தான போட்டுத் தரோணும்," என்றார். "மேல மட்டும் ஒரு சாண் எடம் உட்டுப்போட்டேன் சார். அம்மணிக்குக் காத்து வரட்டுங்க."