பின்னுக்குப் போன விண்டோஸ்

செல்லச்சாமி மாத்தளை–தம்புள்ளை பஸ்சில் கொண்டக்டராக இருந்த காலத்தில் ஒருத்தரையும் தெருவில் விட்டுவிட்டுப் போனதில்லை. கோழிக்கூடையோடு நின்றாலும் ஏற்றுவார், மூச்சுவிட இடமில்லாவிட்டாலும் ஏற்றுவார். "பின்னுக்குப் போங்க, பின்னுக்கு! அங்க எடம் காத்து வாங்குது!" என்று அவர் போடும் சத்தத்தில் கத்தரிக்காய் மூட்டையே நகர்ந்து உட்காரும். ஏற்றத் தெரிந்த மனுஷனுக்கு இறக்கத்தான் வராது. செக்பொயின்டில் ஆமிக்காரன் "பஹின்ன, பஹின்ன" என்று எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையோடு நடக்க வைக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். கடைசி ஆள் திரும்ப ஏறும்வரை பெல் அடிக்கமாட்டார்.

முழங்கால் மக்கர் பண்ணவே, வேலையை விட்டு மாத்தளையில் ஒரு கொமினிகேஷன் கடை போட்டார். போன், போட்டோக்கொப்பி, ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதிலும் அதே புத்தி! இருந்த விண்டோஸ் போதாதென்று, சும்மா கிடைத்த சீடியிலிருந்து லினக்ஸையும் ஏற்றினார். மெசினைப் போட்டதும் எதில் போகப்போகிறாய் என்று ஒரு பட்டியல் வரும். லினக்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் புதுசு மேலே ஏறும், பழசு இறங்காது. பழுதானால் மீட்பதற்கென்று, ஒவ்வொன்றுக்கும் ஒட்டிக்கொண்டு அதே பேரில் ஓர் இரட்டைப் பிள்ளை வேறு. பட்டியல் தீபாவளி பஸ் மாதிரி பிதுங்கியது.

"ஏங்க, ஒரே பேரு இத்தன தடவ எதுக்கு? அழிச்சுத் தொலைங்களேன்" என்றாள் மனைவி கமலாட்சி.

"மொதல்ல ஏறுனவன எப்படி புள்ள எறக்குறது? பாவமில்லையா?"

ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, பட்டியல் இருந்த கோப்பைத் திறந்து சில வரிகளை அழித்தார். அடுத்த புதுப்பிப்பில் அத்தனையும் திரும்பி வந்து குந்திக்கொண்டன. "பாத்தியா, அடுத்த ஹோல்ட்டுல ஏறிட்டானுங்க!" என்றார். உள்ளூர அவருக்குச் சந்தோஷம்தான்.

வினை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மகள் சந்திரகாந்தா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனதிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று பகல் மேடம் வெளியே போகும் நேரத்தில், அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் முகம் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். இங்கே கடைக் கேமராவோ விண்டோஸில் மட்டும்தான் வேலை செய்யும். கமலாட்சி கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

செல்லச்சாமி மெசினைப் போட்டார். காலையில்தான் லினக்ஸைப் புதுப்பித்திருந்தார். திரை முழுக்க லினக்ஸ், விண்டோஸைக் காணோம்! நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டார். அப்போதும் இல்லை.

"ஐயையோ, அது எறங்கிப் போயிருச்சு கமலா!"

கமலாட்சிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ஊரையே பின்னுக்குப் போ, பின்னுக்குப் போன்னு வெரட்டுனீங்களே, இந்த எழவுல நீங்க பின்னுக்குப் போய் பாத்தீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. கீழ்நோக்கிய அம்புக்குறியை அமுக்கினார். அமுக்க அமுக்கப் பட்டியல் நகர்ந்தது. கடைசியிலும் கடைசியில், புட்போட்டில் தொங்கிக்கொண்டிருந்தது விண்டோஸ்.

சந்திரகாந்தா வந்தாள். மெலிந்திருந்தாள், ஆனாலும் சிரித்தாள். கமலாட்சி திரையைத் தொட்டுத் தொட்டு முத்தம் கொடுத்தாள். "சாப்பிட்டியாடி?" என்று கேட்பதற்குள் அங்கே கதவுச் சத்தம். "மேடம் வந்துட்டாங்கம்மா. அடுத்த வெள்ளி வாறேன்." திரை கறுத்துவிட்டது.

"அந்தப் பட்டியல்ல நீங்க தடவிக்கிட்டிருந்த நேரம் என் புள்ளையோட நேரம்ங்க" என்று கமலாட்சி தேம்பினாள்.

செல்லச்சாமி கோப்பைத் திறந்து, அதிலிருந்த குறிப்பை முதல் தடவையாகப் படித்தார். இந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் நீ என்ன செய்தாலும் மெசின் மாற்றி எழுதிவிடும் என்றது அது. அடக் கடவுளே, ஆளை உள்ளே விட்டுவிட்டுப் பேரை மட்டும் அல்லவா அழித்திருக்கிறார்! இந்தத் தடவை பழைய லினக்ஸ்களையே கழற்றினார். "பஹின்ன ராசா, கோவிச்சுக்காத" என்று ஒவ்வொன்றிடமும் சொல்லிச் சொல்லித்தான் இறக்கினார். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் விட்டுவைத்தார், பிறவிக் குணம் போகுமா? பிறகு விண்டோஸ் வரியைத் தூக்கி, கோடுகளுக்கு வெளியே, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

கமலாட்சி மூக்கைச் சிந்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "பஸ்சுல முன் சீட்டு காவி கட்டுன ஹாமுதுரு சாமிக்குல்ல ஒதுக்குறது?"

"சாமி வந்தா நான் எந்திரிச்சு என் எடத்தக் குடுக்குறேன். இது நம்ம புள்ள சீட்டு."